முள்ளந்தண்டுளிகளின் தொடக்கம்: உயிர்ச்சுவடுகள் காட்டும் உறவுமுறை

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – கூர்ப்பு

மாணவர்களே, கூர்ப்பு என்னும் பகுதிக்கு வந்தவுடன் உங்களிற் பலர் ஒரு வரிசையை மனனம் செய்துகொள்கின்றீர்கள்: மீன், ஈரூடகவாழி, ஊர்வன, பறவை, முலையூட்டி. வரிசை பெரிய பிழையன்று. ஆனால் அதை ஓர் ஏணியாக எண்ணி, "மீன் தவளையாக மாறியது, தவளை பல்லியாக மாறியது" என்று விடைத்தாளில் எழுதும்போதுதான் புள்ளி பறிபோகின்றது. இன்று வாழும் எந்த மீனும் தவளைக்குத் தாயன்று. இன்று வாழும் எந்தத் தவளையும் பல்லிக்குத் தாயன்று. இவை ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகளின் நுனிகள். கிளைகள் எங்கே, எப்போது, எந்த இயல்போடு பிரிந்தன என்பதைக் காட்டுவன உயிர்ச்சுவடுகளாகும். இப்பாடத்தில் அக்கிளைகளின் அடிப்பகுதியை மட்டும், அதாவது தாடையில்லாத முதல் மீன்களிலிருந்து கரையில் முட்டையிட்ட முதல் விலங்குகள் வரை, ஆறுதலாகப் பார்ப்போம்.

பன்வில கல்லிலிருந்து தொடங்குவோம்

சில ஆண்டுகளுக்கு முன் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மேலதிக வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி, புத்தகப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். கல்லின் ஒரு பக்கத்தில் கறுப்பு நிறத்தில் பன்னம் இலைபோன்ற அழகான கிளைகள் பரவியிருந்தன. "சேர், இது உயிர்ச்சுவடுதானே?" என்று கேட்டாள். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

அது உயிர்ச்சுவடு அன்று. பாறை வெடிப்பின் ஊடாக நீர் கசியும்போது மங்கனீசு ஒட்சைட்டு இவ்வாறு கிளைகிளையாகப் படியும். பார்வைக்கு இலைபோலத் தோன்றும். ஆனால் இலை நரம்போ கலங்களின் அமைப்போ அதில் இராது. இதைச் சொன்னபோது அவளுடைய முகம் வாடிவிட்டது. "அப்ப எங்க மண்ணுல ஒண்ணுமே இல்லையா சேர்?" என்றாள்.

நல்ல கேள்வி. இதற்குச் சரியாக விடையளிக்கத் தெரிந்தவர், உயிர்ச்சுவடு பற்றிய வினாக்களிற் பாதிக்கு விடையளித்துவிடுவார்.

பன்வில, நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹுலு கங்கைப் பள்ளத்தாக்கு, கண்டி நகரம் ஆகிய அனைத்தும் அமைந்துள்ள பாறைகள் உருமாறிய பாறைகளாகும். நைஸ், குவாட்சைற்று, சலவைக்கல் என்பன இங்கே உண்டு. திகனப் பக்கத்தில் தோண்டி எடுக்கப்படும் சலவைக்கல் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல்லாக இருந்ததே. இப்பாறைகள் ஏறத்தாழ 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ளாகி முழுவதும் மறுபளிங்காகிவிட்டன. அவற்றின் மூல அடையல்கள் அதைவிட மிகப் பழையவை. முள்ளந்தண்டுளி எனக் கூறத்தக்க விலங்குகளின் மிகப் பழைய உயிர்ச்சுவடோ ஏறத்தாழ 518 மில்லியன் ஆண்டுகளுக்கு உரியது. ஆகவே பன்வில பாறையில் மீனின் சுவடு இல்லாமைக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று, அந்தப் பாறை உருவான வேளையில் உலகில் மீனே இருக்கவில்லை, மற்றையது, வேறு ஏதேனும் சிற்றுயிரின் அடையாளம் இருந்திருந்தாலும் வெப்பமும் அமுக்கமும் அதை அழித்திருக்கும். பெரும்பாலானோர் இரண்டாவதை மட்டும் எழுதுகின்றனர். இரண்டையும் எழுதுங்கள்.

இலங்கையில் உயிர்ச்சுவடுகளே இல்லையென்று இதற்குப் பொருள்கொள்ளக் கூடாது. புத்தளம் மாவட்டத்தில் தப்போவைப் பகுதியில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரையான மயோசின் சுண்ணாம்புக்கல்லிற் கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகள் கிடைக்கின்றன. இரத்தினபுரியில் இரத்தினக்கல் அகழும் குழிகளிலிருந்து யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எச்சங்கள் வெளிவந்துள்ளன. அவற்றை ஆராய்ந்து எழுதியவர் பி. ஈ. பி. தெரணியகல ஆவார். எனினும் இவை யாவும் நமது இன்றைய விடயத்துக்கு மிக இளையவை. முதல் மீன்களைத் தேடுவோர் சீனா, அவுஸ்திரேலியா, கனடா, கிறீன்லாந்து எனச் செல்ல வேண்டியுள்ளது. அக்கால அடையற்பாறைகள் உருமாறாமல் எஞ்சியிருப்பது அங்கேதான்.

தாடையில்லாத மீன்கள்

சீனாவின் யுன்னான் மாகாணத்திற் செங்ஜியாங் என்னும் இடத்தில் மிக நுண்ணிய சேற்றிற் படிந்த கேம்பிரியன் காலப் பாறைகள் உள்ளன. அங்கே கிடைத்த ஹைக்கூயிக்திஸ், மில்லோகுன்மிங்கியா என்னும் இரு சிறு விலங்குகள் 1999 இல் விவரிக்கப்பட்டன. நீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர், உங்கள் சுண்டுவிரலின் பாதி எனலாம். என்பு இல்லை, தாடை இல்லை, சோடிச் செட்டை இல்லை. ஆயினும் தலை, பூக்கள், உடலின் இரு பக்கமும் வளைந்து வளைந்து அடுக்கிய தசைத் துண்டங்கள் ஆகியன தெளிவாகத் தெரிகின்றன. பொரித்த மீனின் தோலை நீக்கியதும் சதை பிரியும் அதே அடுக்குகள்தாம் அவை.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவரைக் கூறலாம். 1902 முதல் 1910 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த ஆதர் வில்லி, அதற்கு முன்னரே 1894 இல், அம்பியொக்சஸ் என்னும் விலங்கையும் முள்ளந்தண்டுளிகளின் மூதாதையரையும் பற்றி ஒரு நூல் எழுதியவர். அம்பியொக்சஸ் மணலிற் புதைந்து வாழும் சிறிய கடல் விலங்கு. அதற்கு முதுகுநாண் உண்டு; முள்ளந்தண்டென்பு இல்லை; தெளிவான தலையும் இல்லை. அவர் காலத்தில் ஹைக்கூயிக்திஸ் போன்ற சுவடு எதுவும் கையில் இருக்கவில்லை. உயிருடன் உள்ள விலங்கின் உடலமைப்பை மட்டும் வைத்து, முதல் முள்ளந்தண்டுளி எப்படி இருந்திருக்கும் என்று அக்கால விலங்கியலாளர் ஊகித்தனர். நூறு ஆண்டுகளுக்குப் பின் சீனப் பாறையிலிருந்து வெளிவந்தது அந்த ஊகத்துக்கு வெகு அண்மையானதாக இருந்தது.

அடுத்து என்பு. ஓர்டோவீசியன் காலத்து அரன்டாஸ்பிஸ் அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும், சகபம்பாஸ்பிஸ் தென் அமெரிக்காவின் பொலிவியாவிலும் கிடைத்தன. இவற்றின் தலையை என்புத் தகடுகள் கவசம்போல மூடியிருந்தன. வாயிலோ தாடை இல்லை. என்பு முதலில் உடலின் உள்ளே தாங்கியாக அன்றி, வெளியே கவசமாகவே தோன்றியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

இத்தகைய கவச மீன்களின் உள்ளமைப்பு எப்படித் தெரியவந்தது? சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் ஸ்டென்சியோ, ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுகளிற் கிடைத்த மீன் தலைகளைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு படையிலும் தெரிந்ததை வரைந்து, அவற்றைக் கொண்டு மூளை, நரம்பு, குருதிக்கலன் ஆகியவை இருந்த இடங்களைக் கட்டியெழுப்பினார். 1927 இல் வெளியான அவ்வாய்வு, அந்த மீன்கள் இன்றும் தாடையில்லாமல் வாழும் லம்பிரேயுடன் ஒப்பிடத்தக்கவை எனக் காட்டியது. சுவடொன்றைத் தேய்த்து அழித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்குரியது. இன்று எக்ஸ் கதிர்ப் படமெடுப்பின் மூலம் கல்லை உடைக்காமலே இதைச் செய்கின்றனர்.

தாடை

வாயைத் திறந்து மூட இரு தாடைகள் வந்தது முள்ளந்தண்டுளிகளின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம். அதற்கு முன் சேற்றையும் நுண்ணுயிரையும் உறிஞ்சியவை, இனி இரையைக் கவ்விப் பிடிக்கலாம். பூக்களைத் தாங்கும் வில்கள் போன்ற அமைப்புகளில் முன்னால் இருந்ததொன்று தாடையாக மாறியது என்பது நெடுங்காலக் கருத்தாகும். இதற்குச் சான்று பெரும்பாலும் முளையத்திலிருந்து வருகின்றது: சுறாவின் முளையத்திலும் மனித முளையத்திலும் தொண்டைப் பகுதியில் அடுக்காக வில்கள் தோன்றுகின்றன, அவற்றில் முதலாவதிலிருந்தே தாடை விருத்தியடைகின்றது.

சுவடுகளில், தாடையுள்ள மீன்களின் நல்ல முழு உடல்கள் நெடுங்காலம் ஏறத்தாழ 425 மில்லியன் ஆண்டுகளுக்கு அப்பாற் கிடைக்கவில்லை. 2022 இல் அந்த இடைவெளி சுருங்கியது. தென் சீனாவில் ஏறத்தாழ 436 மில்லியன் ஆண்டுப் பாறையிலிருந்து சியூஷானோஸ்டியஸ் என்னும் 3 சென்ரிமீற்றர் நீளமான கவச மீன் முழுதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதைவிடச் சற்றுப் பழைய பாறையிலிருந்து மீன் பற்களும் அறிவிக்கப்பட்டன.

தாடையுள்ள கவச மீன்கள் பிளக்கோடேர்ம்கள் எனப்படும். தெவோனியன் காலத்தின் கடைசியில் வாழ்ந்த டங்கிளியோஸ்டியஸ் இவற்றுள் பெயர்பெற்றது. பல்லுக்குப் பதிலாக அதற்குக் கத்தி அலகுபோன்ற என்பு விளிம்புகள் இருந்தன. பழைய நூல்களில் அதன் நீளம் 8 அல்லது 10 மீற்றர் என இருக்கும். 2023 இல் வெளியான மீளாய்வு அதை ஏறத்தாழ 4 மீற்றர் எனக் குறைத்துள்ளது. நீளத்தை யாரும் பரீட்சையிற் கேட்கப்போவதில்லை. பாடநூலில் உள்ள எண்ணும் திருத்தப்படலாம் என்பதற்காகவே இதைக் கூறினேன்.

கசியிழைய மீனா, என்பு மீனா மூத்தது?

பழைய குறிப்புகளில், "கசியிழைய மீன்கள் ஆதியானவை, அவற்றிலிருந்து என்பு மீன்கள் தோன்றின" என்று எழுதப்பட்டிருக்கும். சுறாவின் வன்கூடு மென்மையான கசியிழையம். நமது முளையத்திலும் கசியிழையம் முதலில் வந்து பின்னரே என்பாகின்றது. ஆகவே சுறாவே பழையது என்பது அந்தத் தருக்கம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் சுவடுகள் வேறு கதை சொல்கின்றன.

2013 இல் சூ மின் என்னும் அறிஞரின் குழுவினர் யுன்னானிலிருந்து என்டெலொக்னாதஸ் என்னும் மீனை விவரித்தனர். வயது 420 மில்லியன் ஆண்டுகளுக்குச் சற்று முன்பின். உடல் முழுவதும் பிளக்கோடேர்மின் கவசம். தாடையிலோ என்பு மீன்களிலும் நம்மிலும் உள்ள அதே என்புகள்: மேற்றாடையின் இரு என்புகளும் கீழ்த்தாடையிற் பல்லைத் தாங்கும் என்பும். கண்ணாடி முன் நின்று உங்கள் நாடியைத் தடவிப் பாருங்கள். அங்கே தட்டுப்படும் என்பின் வரலாறு அந்த மீன் வரை பின்செல்கின்றது. 2020 இல் மங்கோலியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட மின்ஜினியா என்னும் பிளக்கோடேர்மின் மண்டையோட்டின் உட்பகுதியிலும் என்பு காணப்பட்டது.

ஆகவே என்பு, சுறாக்கள் பிரிவதற்கு முன்னரே இருந்தது. சுறாவின் மூதாதையர் அதைப் பெருமளவில் இழந்தனர். சுறா என்பது பழைய நிலையில் உறைந்து நின்ற மீன் அன்று. தன் வழியில் மாறிய ஒரு கிளை. விடையெழுதும்போது, "கசியிழைய மீன்களும் என்பு மீன்களும் தாடையுள்ள பொது மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள்" என்று எழுதுங்கள். இவ்வாறு எழுதுவது பழைய குறிப்பைப் படித்தவருக்கும் புதியதைப் படித்தவருக்கும் ஏற்கத்தக்கதாக இருக்கும்.

செட்டையிலிருந்து கால்

என்பு மீன்களிலும் இரு கிளைகள். சந்தையில் நாம் வாங்கும் சாளை, சூரை, மகாவலி நீர்த்தேக்கங்களிற் பிடிபடும் திலாப்பியா ஆகியன கதிர்ச்செட்டை மீன்கள். அவற்றின் செட்டையை விரித்தால் விசிறிபோல மெல்லிய கதிர்கள் மட்டுமே இருக்கும். மற்றைய கிளை சோணைச்செட்டை மீன்கள். இவற்றின் செட்டையின் அடியிற் சதையும் உறுதியான என்புகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிகுவாஷா என்னுமிடத்திற் கிடைத்த யூஸ்தினொப்டெரோனின் முன்செட்டையில், தோளோடு பொருந்திய என்பு ஒன்று, அதற்கடுத்து என்புகள் இரண்டு. உங்கள் கையைத் தொட்டுப் பாருங்கள்: தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. தவளையின் முன்காலிலும் வௌவாலின் சிறகிலும் இதே ஒழுங்குதான். அமைப்பொத்த அங்கம் என்னும் பதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

சோணைச்செட்டை மீன்களுள் சீலகாந்து 1938 டிசம்பர் மாதத்தில் தென்னாபிரிக்கக் கரைக்கு அப்பால் உயிருடன் பிடிபட்டது. அதுவரை ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்ததாகவே கருதப்பட்டது. "வாழும் உயிர்ச்சுவடு" என்ற வினாவுக்கு எல்லோரும் இதை எழுதுவீர்கள், சரிதான். ஆனால் அதை நமது மூதாதை என்று எழுதிவிடாதீர்கள். இன்று வாழும் மீன்களில் நான்கு அவயவ விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு சீலகாந்து அன்று, நுரையீரல் மீன் ஆகும். ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று கண்டங்களின் நன்னீர்களில் அது வாழ்கின்றது.

நுரையீரல் பற்றியும் ஒரு சொல். மீனின் காற்றுப்பை மாறி நுரையீரலானது என்று பலர் எழுதுகின்றனர். சார்ள்ஸ் டார்வினும் அப்படித்தான் எண்ணினார். உண்மை தலைகீழ். என்பு மீன்களின் பொது மூதாதைக்கே எளிய நுரையீரல் இருந்தது. பெரும்பாலான கதிர்ச்செட்டை மீன்களில் அதுவே பிற்காலத்திற் காற்றுப்பையானது.

தேடிப்போய் எடுத்த சுவடு

கூர்ப்புக்கு எதிராக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: "யார் பார்த்தது?" இதற்கு விடையாக நான் வகுப்பிற் சொல்வது டிக்டாலிக்கின் கதை.

ஏறத்தாழ 380 மில்லியன் ஆண்டுப் பாறைகளில் யூஸ்தினொப்டெரோன் போன்ற மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 365 மில்லியன் ஆண்டுப் பாறைகளில் விரல்களுள்ள விலங்குகள் உள்ளன. இடைப்பட்ட வடிவம் இருந்ததாயின் அது இடைப்பட்ட வயதுப் பாறையில், ஆற்றிலோ ஆழமற்ற நீரிலோ படிந்த பாறையில் இருக்க வேண்டும். அமெரிக்க அறிஞர்களான நீல் ஷூபின், ரெட் டேஷ்லர், பாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோர் அவ்வயதுடைய ஆற்றுப் படிவுப் பாறைகள் எங்கே வெளித்தெரிகின்றன என்று புவிச்சரிதவியல் நூலொன்றின் படத்திற் பார்த்தனர். கனடாவின் வட துருவப் பகுதித் தீவுகள் என்று விடை கிடைத்தது. 1999 முதல் கோடை காலங்களில் அங்கே சென்று தேடினர். முதற் பயணங்களில் வேண்டியது கிடைக்கவில்லை. 2004 இல் எல்ஸ்மியர் தீவிற் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தட்டையான முகமொன்றைக் கண்டனர். 2006 இல் அது வெளியிடப்பட்டது. வயது 375 மில்லியன் ஆண்டுகள். அப்பிரதேசத்து இனுயிட் முதியோர் கூறிய பெயர்தான் டிக்டாலிக். பெரிய நன்னீர் மீன் என்பது பொருள்.

அதற்குச் செதில், செட்டை, பூ ஆகியன உண்டு. இவை மீனின் இயல்புகள். தலை முதலையினதுபோலத் தட்டை, கண்கள் மேலே, தலைக்கும் தோளுக்கும் இடையில் என்புத் தொடர்பு அறுந்து கழுத்து உண்டு, செட்டையின் உள்ளே மணிக்கட்டுக்கு ஒப்பான என்புகள் உண்டு. மீனுக்குக் கழுத்தில்லை என்பதை மீன் வெட்டும்போது கவனித்திருப்பீர்கள். கழுத்துள்ள முதல் மீன்களில் ஒன்று இதுவென்று சொன்னால் வகுப்பிற் சிரிப்பு எழும். ஆனால் விடயம் மறக்காது.

யார் பார்த்தது என்ற கேள்விக்கு இதுவே விடை. எந்த வயதுப் பாறையில் என்ன கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டிக் கூறி, அங்கே போய் எடுக்க முடிந்தது.

விரல்கள் எட்டு

கிறீன்லாந்தின் கிழக்குப் பகுதியிலிருந்து இக்தியோஸ்டீகா என்னும் விலங்கு 1932 இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. 1987 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜெனி கிளாக் அம்மையார் அங்கே சென்றார். அவருக்கு வழிகாட்டியது, 1970 இல் அப்பகுதிக்குச் சென்ற புவிச்சரிதவியல் மாணவர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த சில வரிகள். அவர் கொண்டுவந்த அகந்தொஸ்டீகாவின் முன்காலில் எட்டு விரல்கள் இருந்தன. இக்தியோஸ்டீகாவின் பின்காலிலோ ஏழு. ஐந்து விரல் என்பது தொடக்கத்திலேயே நிலைத்த எண் அன்று, பின்னர் நிலைபெற்றது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அகந்தொஸ்டீகாவுக்கு விரல்கள் இருந்தும் உள்ளே பூக்கள் இருந்தன. வாலில் மீனுக்குரிய செட்டை இருந்தது. கால்கள் உடலின் பாரத்தைத் தரையில் தாங்கத்தக்கனவாக இல்லை. அதாவது கால் தோன்றியது நீருக்குள்ளேயே. குளம் வற்றியபோது நிலத்தில் நடப்பதற்காக மீனுக்குக் கால் முளைத்தது என்று நாம் சிறு வயதிற் கேட்ட கதை இதனால் நிற்காமற் போகின்றது. தாவரங்கள் அடர்ந்த ஆழமற்ற நீரிற் கால்களும் விரல்களும் முதலிற் பயன்பட்டன, கரையேறியது பிறகு. "தேவைப்பட்டதால் உறுப்பு தோன்றியது" என்ற வாக்கியத்தை விடைத்தாளில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

தாத்தாவா, பெரியப்பாவா?

இப்போது ஒரு சிக்கல். 2010 இல் போலந்து நாட்டின் சக்கெல்மியே என்ற கற்சுரங்கத்தில் நான்கு அவயவ விலங்கின் அடிச்சுவடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 390 மில்லியன் ஆண்டுகள், டிக்டாலிக்கைவிட மூத்தவை. அவை உண்மையில் அவ்விலங்குகளின் அடிச்சுவடுகளா என்பதில் எல்லோரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஆயின் அவை உண்மையாயின் டிக்டாலிக் எப்படி மூதாதையாகும்?

உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள குடும்பப் படத்தை எண்ணிப் பாருங்கள். தாத்தாவின் படம் இல்லை. பெரியப்பாவின் படம் மட்டும் இருக்கின்றது. பெரியப்பாவுக்குத் தாத்தாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே வாய்த்துள்ளன. நீங்கள் பெரியப்பாவின் பிள்ளை அல்லர். நீங்கள் பிறந்த பின்பும் அவர் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம். ஆனாலும் தாத்தா எப்படி இருந்தார் என்பதை அந்தப் படம் காட்டுகின்றது. டிக்டாலிக் அத்தகைய பெரியப்பா. கிளை அதற்கு முன்னரே பிரிந்திருக்கலாம். பழைய உடலமைப்பைக் கொண்ட உறவினர் பின்னரும் வாழ்ந்திருக்கலாம். இதனாலேயே கூர்ப்பு மரம் வரையும்போது சுவடுகளை மரத்தின் தண்டில் வைப்பதில்லை. பக்கக் கிளைகளின் நுனியிலேயே வைக்கின்றோம். "டிக்டாலிக் நமது மூதாதை" என்பதிலும் "மீன்களுக்கும் நான்கு அவயவ விலங்குகளுக்கும் இடைப்பட்ட இயல்புகளைக் காட்டும் உயிர்ச்சுவடு" என்பது சரியான விடையாகும்.

உங்கள் காலடியில் ஒன்று

பன்வில மாணவியின் கேள்விக்கு மறுபடி வருவோம். பாறையில் இல்லாதது மண்ணில் உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்தின் ஈர மண்ணையோ பழைய சாணக் குவியலையோ கிளறும்போது, கபில நிறத்தில், பக்கவாட்டில் மஞ்சட் கோட்டுடன், வளையம் வளையமான உடலோடு ஒன்று வெளிவரும். கால் இல்லை. கண் மிகச் சிறியது. பாம்புக் குட்டியென்று அடித்துக் கொன்றுவிடுவார்கள். அது இக்தியோபிஸ், தவளையின் இனத்தைச் சேர்ந்த ஈரூடகவாழி, யாருக்கும் தீங்கு செய்யாதது. 1880களில் இலங்கைக்கு வந்த சுவிற்சர்லாந்து அறிஞர்களான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகியோர் அதன் முளைய விருத்தியை விரிவாக ஆராய்ந்தனர். பெண் விலங்கு நீரருகே மண்ணுக்குள் முட்டையிட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டு காக்கின்றது. முட்டைக்குள் உள்ள முளையத்துக்குப் பூக்கள் உண்டு.

காலில்லாத ஈரூடகவாழியென்றால் மீனுக்கு அண்மையானதா? இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து யுராசிக் பாறையிலிருந்து 1993 இல் விவரிக்கப்பட்ட இயோசீசிலியா, இதே கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்குச் சிறிய கால்கள் நான்கு இருந்தன. அதை விவரித்த இருவருள் ஒருவர், டிக்டாலிக்கைத் தேடிச் சென்ற அதே பாரிஷ் ஜென்கின்ஸ். இக்தியோபிஸ் கால் பெறாத விலங்கு அன்று, காலை இழந்த விலங்கு. சுறா என்பை இழந்தது போலவே இதுவும். ஓர் இயல்பு இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு விலங்கை ஆதியானது என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு உங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே சான்று கிடக்கின்றது. அடுத்த முறை மண்வெட்டியை ஓங்குமுன் ஒரு கணம் நில்லுங்கள்.

கரையில் முட்டை

இப்பகுதியைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஈரூடகவாழிகளின் முட்டைக்கு நீரோ ஈரமோ வேண்டும். ஊர்வன, பறவைகள், முலையூட்டிகள் ஆகியவற்றின் முளையத்தைச் சுற்றி நீர்மம் நிரம்பிய உறை உண்டு. குளத்தை முட்டைக்குள்ளேயே கொண்டு செல்வது போன்றது இது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜொகின்ஸ் கடற்கரைப் பாறையில், உள்ளீடற்ற மரக்குற்றிகளுக்குள் கிடைத்த ஹைலோனொமஸ் நெடுங்காலமாக மிகப் பழைய ஊர்வனவாகக் கொள்ளப்பட்டு வந்தது. வயது 315 மில்லியன் ஆண்டுகளுக்குச் சற்று மேல். 2025 மே மாதத்தில், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 355 மில்லியன் ஆண்டுக் கற்பலகையொன்றில் நகங்களுடன் கூடிய அடிச்சுவடுகள் அறிவிக்கப்பட்டன. நகம் இக்கூட்டத்துக்குரிய அடையாளமாதலால், கரைவாழ் முள்ளந்தண்டுளிகளின் தொடக்கம் நாம் எண்ணியதைவிட முற்பட்டதாகலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வரும் இயல்புகளை உயிர்ச்சுவடுகளில் அவை தோன்றிய ஒழுங்கில் எழுதுக: விரல்கள், தாடை, என்புக் கவசம், தலையும் பூக்களும்.

2. டிக்டாலிக்கில் காணப்படும் மீனுக்குரிய இயல்புகள் இரண்டையும் நான்கு அவயவ விலங்குகளை ஒத்த இயல்புகள் இரண்டையும் தருக.

3. "சுறாவுக்கு என்பு இல்லை, ஆகவே அது என்பு மீன்களின் மூதாதை." இக்கூற்றிலுள்ள தவறைச் சான்றுடன் விளக்குக.

4. நக்கிள்ஸ் மலைப்பாறையொன்றில் மீன் உயிர்ச்சுவடு கண்டெடுக்கப்பட்டதாக ஒருவர் கூறுகின்றார். இதை நீர் ஏற்பீரா? காரணங்கள் தருக.

நான்காம் வினாவுக்கு விடைக் குறிப்பு: ஏற்க முடியாது. பாறை உருமாறிய பாறை. அது உருமாறிய காலம் முதல் மீன்களின் காலத்துக்கு முற்பட்டது. வெப்பமும் அமுக்கமும் மூல அடையலின் அமைப்பை அழித்துள்ளன. கண்டெடுத்த பொருள் கனிப்பொருட் படிவாக இருக்கலாம். கலங்களின் அமைப்போ என்பின் அமைப்போ உண்டா எனக் கைவில்லையால் முதலிற் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்க வேண்டும் என்ற கடைசி வரியை எழுதுபவருக்கே முழுப் புள்ளி.